ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம்

ஜெர்மனியில் படித்தாயே, என்னவெல்லாம் சுற்றிப் பார்த்தாய் என்று யாராவது கேட்டால் எனக்கு இப்போதும் எரிச்சல்தான் முதலில் வரும். கொலோனில் ஒரு பழுப்பு நிறத் தோல் சோபாவைப் பார்த்தேன். ஹாம்பர்க்கில் ஒரு கண்ணாடி அலமாரியையும் அதற்குள் வரிசையாக நின்ற குட்டி யானைகளையும் பார்த்தேன். ஹனோவரில், நடுவில் உட்கார்ந்தால் ஆள் புதைந்துபோகிற ஒரு சோபாவைப் பார்த்தேன். பெரிய தேவாலயம், துறைமுகம், அரண்மனை எல்லாம் எந்தப் பக்கம் என்று கேட்டால் கை காட்டத் தெரியும். அங்கே போகிற வழியில்தான் அக்காவின் சொந்தக்காரர்கள் குடியிருந்தார்கள்.

அக்கா எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. டோர்ட்மண்ட் பல்கலைக்கழகத்தின் உணவுக்கூடத்தில் நானும் செல்வமும் பாரதியும் அவித்த உருளைக்கிழங்கை முள்கரண்டியால் குத்திக்கொண்டிருந்த ஒரு மதியம், தட்டோடு வந்து எங்கள் மேசையில் உட்கார்ந்தவர்.

"நீங்கள் தமிழோ? அந்தக் கிழங்கைப் பாத்து நீங்கள் விட்ட மூச்சிலயே எனக்கு விளங்கிட்டுது."

கைப்பையைத் திறந்து ஒரு சின்னப் போத்தலை எடுத்தார். உள்ளே வறுத்து இடித்த மிளகாய்த்தூள். யாரையும் கேட்காமல் மூன்று தட்டிலும் தூவினார். அன்றைக்குத் தும்மிக்கொண்டே சாப்பிட்டோம். அதோடு அக்கா எங்களுக்கு அக்கா ஆகிவிட்டார்.

மன்னாரில் பிறந்து, சின்ன வயதில் அப்பாவோடும் அண்ணனோடும் அகதியாக வந்தவர். முதியோர் இல்லத்தில் வேலை பார்த்துவிட்டு, முப்பத்தைந்து தாண்டியபின் சமூகப்பணி படிக்க வந்திருந்தார். அவரிடம் ஒரு பழைய கார் இருந்தது. எங்களிடம் சனிக்கிழமைகள் இருந்தன. அப்படித்தான் மாட்டினோம்.

முதல் பயணம் கொலோன். பாரதி ஈரோட்டுப் பெண், கட்டிடக்கலை படிக்க வந்தவள். கடல் கடந்து வந்ததே கட்டிடம் பார்க்கத்தான். முதல்நாளே அந்தத் தேவாலயத்தின் வரைபடங்களை எல்லாம் தொலைபேசியில் ஏற்றிவைத்திருந்தாள். காரில் ஏறப் போனால், பின் இருக்கையின் நடுவில் ஒரு நீல நிறக் குளிர்ப்பெட்டி உட்கார்ந்திருந்தது. அதற்கு சீட் பெல்ட்டும் போட்டிருந்தது.

"இவரு யாருக்கா?" என்றான் செல்வம். அவன் மதுரைக்காரன். பெட்டியையும் மரியாதையாகத்தான் கேட்டான்.

"அது மாமிக்குக் கொஞ்ச முருங்கையிலை, ரெண்டு பாரை மீன். போற வழிதான். ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம். அஞ்சு நிமிசம்."

அக்காவின் அஞ்சு நிமிசத்தை நாங்கள் அப்போது அறியாதவர்கள். படியேறினோம், செருப்பைக் கழற்றினோம், சோபாவில் அமுங்கினோம். மாமி எங்களைப் பார்த்த மாத்திரத்தில் சமையலறைக்குள் ஓடினார். எண்ணெய் சுடுகிற சத்தம் கேட்டது. மீன் ரோல்ஸ் வந்தது, தேநீர் வந்தது, பிள்ளை தேவாலயத்தில் முதல் நன்மை வாங்கியபோது எடுத்த ஆல்பம் வந்தது, பிறகு "பிள்ளையள் வெறும் வயித்தோட போக ஏலாது" என்று புட்டும் கணவாய்க் கறியும் வந்தன. பாரதி வாசலைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். இருட்டத் தொடங்கியதும் பொறுக்கமாட்டாமல், "ஆன்ட்டி, அந்தக் கதீட்ரல் எத்தனை மணி வரைக்குங்க திறந்திருக்கும்?" என்று கேட்டுவிட்டாள்.

"அதுவோ? இஞ்ச வாங்கோ பிள்ளை."

மாமி அவளைக் கையைப் பிடித்து பால்கனிக்குக் கூட்டிக்கொண்டு போனார். காயப்போட்ட காற்சட்டைக்கும் பக்கத்து வீட்டு டிஷ் ஆன்டெனாவுக்கும் நடுவில், தூரத்தில், இரண்டு கூர்முனைகள் தெரிந்தன.

"தெரியுதோ? இதுதான். கிட்டப் போனாலும் இதேதான். கழுத்துத்தான் நோகும்."

திரும்பும்போது காரில் நாங்கள் மூவரும் வெறுத்துப்போய் உட்கார்ந்திருந்தோம். அக்கா மட்டும் சந்தோஷமாக இருந்தார். "கட்டிடம் எங்கையும் போகாது பிள்ளை. ஆக்கள்தான் போயிடுவினம்" என்றார். பாரதி, "நானும் போயிருவேங்க்கா. என் விசா முடிஞ்சிரும்" என்றாள். அக்கா அதை நல்ல பகிடி என்று நினைத்து, ஸ்டியரிங்கைத் தட்டிச் சிரித்தார்.

எனக்கு மனிதர்கள் பேசுகிற பேச்சில் ஒரு பைத்தியம் உண்டு. நல்ல வாசகம் ஒன்று காதில் விழுந்தால் அதைச் சொன்னவர் மேல் கோபமே நிற்காது. அந்தப் பலவீனத்தால்தான் அக்காவோடு அத்தனை சனிக்கிழமைகளை இழந்தேன். "தேத்தண்ணி குடிக்கிற வாயால சண்டை பிடிக்க ஏலாது தம்பி, சுடும்" என்பார். நாம் எதற்காவது அவசரப்பட்டால், "நேரம் என்ன, உங்கட சித்தப்பாவோ? இவ்வளவு பயப்பிடுறியள்" என்பார். ஒவ்வொரு முறையும் காரில் ஏறும்போது இன்றைக்கு எந்த வீடும் கிடையாது என்று அடித்துச் சொல்வோம். அக்கா தலையாட்டுவார். பின் இருக்கையில் பெட்டி பெல்ட் போட்டு உட்கார்ந்திருக்கும்.

இன்னொன்றும் கவனித்தேன். எல்லா வீட்டிலும் அக்காவுக்குப் பால் விட்ட தேநீர்தான் வரும். அவருக்குப் பால் ஒத்துக்கொள்ளாது. சின்ன வயதிலிருந்தே நெஞ்சில் சளி கட்டும். ஒரு வீட்டிலும் யாரும் அதை நினைவில் வைத்திருக்கவில்லை. அவரும் சொல்லமாட்டார். குடித்துவிட்டு, காரில் ஏறியபின் ஊர் எல்லை வரைக்கும் இருமுவார்.

ஹாம்பர்க்கில் துறைமுகத்துக்குப் பதில் ஒரு கல்யாண வீடியோவை முழுதாகப் பார்த்தோம். அதன் பலன் ஹனோவரில் தெரிந்தது. அங்கே அக்காவின் சின்னம்மா வீடு. சுவரில் பழைய குடும்பப் படம் ஒன்று. செல்வம் ரோல்ஸைக் கடித்துக்கொண்டே விரலை நீட்டினான்.

"இது ஹாம்பர்க் மாமிதானே? அவங்க பொண்ணு கல்யாண வீடியோ சூப்பரா இருந்துச்சு ஆன்ட்டி."

சின்னம்மாவின் முகம் அப்படியே நின்றுவிட்டது. "வீடியோவைக் காட்டினவவோ?" என்றார். "எங்களுக்குக் கார்டைத் தபாலில போட்டவ. நேரில வந்து வாயால ஒரு சொல்லுச் சொல்லேல்லை. பக்கத்து வீட்டு ஜெர்மன்காரிக்கு விளம்பரப் பேப்பர் வாற மாதிரி, எனக்குக் கலியாணக் கார்ட் வந்தது."

செல்வம் கடித்ததை விழுங்கவும் இல்லை, துப்பவும் இல்லை. அக்காதான் சட்டென்று சொன்னார்.

"அது சரியான பிழைதான் சின்னம்மா. அதை நினைச்சு அவவும் கவலைப்படுறா. உங்களைச் சுகம் கேட்டவ. மூட்டு நோ எப்பிடியெண்டும் கேட்டவ."

சின்னம்மா எழுந்து உள்ளே போனார். பாத்திரம் உருளுகிற சத்தம் கேட்டது. திரும்பி வரும்போது கையில் ஒரு போத்தல் எலுமிச்சங்காய் ஊறுகாய். "அவவுக்கு இது விருப்பம்" என்று சொல்லி, எங்கள் யாரையும் பார்க்காமல் மேசையில் வைத்தார்.

காரில் ஏறியதும் நான் கேட்டேன். "அக்கா, நானும் அங்கதானே இருந்தேன்? ஹாம்பர்க் மாமி மூட்டு வலியப் பத்தி ஒண்ணும் கேக்கலையே?"

"கேக்க நினைச்சவ."

"நினைச்சது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வாய் வரைக்கும் வந்திட்டுது தம்பி. நான் எடுத்துக்கொண்டு வந்தன்."

ஊறுகாய்ப் போத்தல் குளிர்ப்பெட்டிக்குள் போயிற்று. செல்வம் என் காதில், "புரியுதாடா?" என்றான். "ஒரு வீட்டுக்கும் இன்னொரு வீட்டுக்கும் பேச்சு வார்த்தை கிடையாது. அக்கா தனியாப் போனா கேள்வி கேப்பாங்க. நம்மளக் கூட்டிட்டுப் போனா ரோல்ஸ் சுடுவாங்க. நாம டூரிஸ்ட் இல்லடா, நாமதான் டிக்கெட்." முன் இருக்கையிலிருந்து அக்காவின் குரல் வந்தது. "வெளியாக்கள் முன்னால ஒருத்தரும் கதவைச் சாத்தமாட்டினம். எனக்குக் காது நல்லாக் கேக்கும், தம்பி."

கடைசியாகப் பெர்லின். பாரதிக்குப் படிப்பு முடிந்துவிட்டது, அடுத்த வாரம் ஈரோட்டுக்கு விமானம். போவதற்குள் ஒன்றே ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று நின்றாள். பாராளுமன்றத்தின் மேலே குவிமாடமாக இருக்கிற கண்ணாடிக் கூடம். உள்ளே சுற்றிச் சுற்றி ஏறுகிற பாதை, நடுவில் கண்ணாடித் துண்டுகளால் ஆன தூண், கீழே சபை, வெளியே முழு நகரம். அவள் ஆய்வேட்டில் ஒரு அத்தியாயம் முழுக்க அதைப் பற்றி எழுதியிருந்தாள், படங்களை மட்டும் பார்த்து. முன்கூட்டியே பெயர்களைக் கொடுத்து நேரம் வாங்க வேண்டும். ஜெர்மனியில் எதற்கும் அப்படி ஒரு டெர்மின் வேண்டும், மருத்துவருக்கும் முடி வெட்டுவதற்கும்கூட. எங்களுக்குக் கிடைத்தது மதியம் மூன்று மணி.

"அக்கா, இந்த ஒரு தடவை மட்டும் எந்த வீடும் வேண்டாங்க்கா. ப்ளீஸ்" என்றாள்.

"சரி பிள்ளை."

விடிகாலையில் காரைத் திறந்து பார்த்தோம். குளிர்ப்பெட்டி இல்லை. நடு இருக்கை காலியாக இருந்தது. செல்வம் அதில் உட்கார்ந்து கால் நீட்டி, "கடவுள் இருக்காரு" என்றான். வழியெல்லாம் பாட்டு. அக்கா மட்டும் நெடுஞ்சாலையில் இரண்டு முறை வண்டியை ஓரம்கட்டி, தண்ணீர் குடித்தார்.

நண்பகலில் பெர்லினுக்குள் நுழைந்தோம். கார் திரும்பிய தெருக்களில் பாராளுமன்றத்தை ஒட்டிய ஆற்றையோ புல்வெளியையோ காணவில்லை. குடியிருப்புகள்தான் வந்தன. மஞ்சள் கட்டிடம் ஒன்றின் முன்னால் அக்கா வண்டியை நிறுத்தினார். சாவியைத் திருகி எடுத்தார்.

"ஒருக்கா எட்டிப் பாத்திட்டுப் போவம்."

"அக்கா!" பாரதி கத்தியே விட்டாள். "பெட்டிகூட இல்லியே! யார் வீடு இது?"

"அண்ணா வீடு. என்ரை சொந்த அண்ணா." இரண்டு கையும் ஸ்டியரிங்கிலேயே இருந்தன. "எதையும் கொண்டு வரேல்லை. கொண்டு வந்தால் திருப்பி எறிவான். அப்பா செத்த நாளில இருந்து என்னோட கதைக்கிறேல்லை. ரெண்டு தரம் வந்து பெல் அடிச்சனான், திறக்கேல்லை. இண்டைக்கு நீங்கள் மூண்டு பேர் நிக்கிறியள். வா எண்டு அவன் ஒரு சொல்லுச் சொன்னால் காணும். அஞ்சு நிமிசம் பிள்ளை."

பாரதி தொலைபேசியைப் பார்த்தாள். நேரம் இருந்தது. உண்மையிலேயே அஞ்சு நிமிசம் என்றால் தாராளமாக இருந்தது. அதை நம்புவதுதான் எங்கள் பிழைப்பே.

மூன்றாவது மாடி. கதவின் மேல்பாதி மங்கல் கண்ணாடி. அக்கா பாரதியின் தோளைப் பிடித்து முன்னால் நிறுத்தினார். "நீ முன்னால நில்லு. உன்ரை முகத்தைப் பாத்தால் திறப்பான்." தான் எங்கள் பின்னால், சுவரோரம் நின்றுகொண்டார்.

திறந்தது. ஐம்பது வயதிருக்கும், உயரமான மனிதர், வீட்டுக்குள் போடும் கம்பளி மேலங்கி. பாரதியைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார். பின்னாலிருந்து அக்கா, சுவரிடம் சொல்வது போலச் சொன்னார். "டோர்ட்மண்டில படிக்கிற பிள்ளையள். இந்தியா."

அவர் முகத்தில் ஏதோ ஒன்று இறுகியது. ஆனாலும் கதவை அகலமாகத் திறந்தார். "வாங்கோ பிள்ளையள். உள்ள வாங்கோ."

நாங்கள் காலணியைக் கழற்றிவிட்டு உள்ளே போனோம். அக்காவும் குனிந்து ஒரு சப்பாத்தைக் கழற்றியிருந்தார். அவர் நிமிர்வதற்குள் அண்ணன் கதவைச் சாத்தினார். அறைந்து சாத்தவில்லை. குளிர் உள்ளே வராமல் இருக்கச் சாத்துவது போல, மெல்லச் சாத்தினார். கடைசி இடுக்கில் அக்காவின் கை தெரிந்தது. போங்கோ, போய் இருங்கோ என்று எங்களுக்குச் சைகை காட்டிக்கொண்டிருந்தது.

அந்த வீட்டு சோபா சாம்பல் நிறம். எதிர்ச் சுவரில் அவர்களுடைய அப்பாவின் படம், அதில் ஒரு செபமாலை, கீழே மின்சார மெழுகுவர்த்தி. வலதுபக்கம் நடைவழி. அதன் முடிவில் நாங்கள் வந்த கதவின் மங்கல் கண்ணாடி. மாடிப்படி விளக்கின் மஞ்சள் வெளிச்சம் அதில் தெரிந்தது. அண்ணன் பிஸ்கட் வைத்தார். ரோல்ஸை அடுப்பில் சூடாக்கப் போட்டார். எந்த ஊர், என்ன படிப்பு, அம்மா அப்பா சுகமா என்றெல்லாம் கேட்டார். அன்பான மனிதர். அதுதான் எரிச்சலை இன்னும் கிளப்பியது.

அந்தக் கண்ணாடி திடீரென்று இருண்டது. மாடிப்படி விளக்கு அங்கே தானாக அணைந்துவிடும், சுவரில் இருக்கிற பொத்தானை மறுபடி அழுத்த வேண்டும். சற்று நேரத்தில் வெளிச்சம் வந்தது. அக்கா போகவில்லை, நிற்கிறார் என்று நாங்கள் நால்வருமே தெரிந்துகொண்டோம்.

"இவர் எங்கட அப்பா" என்றார் அண்ணன். எங்களிடம்தான் சொன்னார், ஆனால் குரல் நடைவழியைத் தாண்டிப் போகிற அளவுக்கு இருந்தது. "டோர்ட்மண்டில காலமானவர். நான் இஞ்சயிருந்து ரெயினில வெளிக்கிட்டனான். ரெயின் வழியில நிண்டுட்டுது. தங்கச்சிக்குப் போன் அடிச்சுச் சொன்னன், அரை மணித்தியாலம் பொறுங்கோ, வந்திடுவன் எண்டு. ஏலாதாம். புதைக்கிற சேமக்காலையில டெர்மினாம். அடுத்த பெட்டி வரிசையில நிக்குதாம். நான் போய்ச் சேரேக்க மண் மூடியாச்சு."

வெளிச்சம் அணைந்தது. வந்தது.

"பிள்ளை, உங்கட ஊரில மகன் வருமட்டும் வைச்சிருப்பினமோ, இல்லையோ?"

பாரதி என்னைப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு வராது. "வெச்சிருப்பாங்க அங்கிள்."

"வைச்சிருப்பினமாம்" என்றார் கதவைப் பார்த்து, உரக்க.

இந்த முறை கண்ணாடி வெகுநேரம் இருட்டாகவே இருந்தது.

எனக்கு அந்த அக்கா முதியோர் இல்லத்தில் நிமிடம் தவறாமல் மாத்திரை கொடுத்தவர் என்பது நினைவுக்கு வந்தது. நேரத்தைச் சித்தப்பா என்று கேலி செய்ய, அப்பாவைப் புதைத்ததற்குப் பிற்பாடுதான் கற்றுக்கொண்டிருக்க வேண்டும். விளக்கு மறுபடி எரிந்தது. செல்வம் தாங்கமாட்டாமல் நெளிந்து, "அங்கிள், தப்பா நினைக்காதீங்க, மூணு மணிக்கு எங்களுக்கு ஒரு டெர்மின்..." என்று ஆரம்பித்து, சொல் வாயிலிருந்து விழுந்தபின் அதைப் பிடிக்கப் பார்த்தான்.

"உங்களுக்குமோ?" என்று அண்ணன் சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றது. எழுந்து சமையலறைக்குப் போய்விட்டார். பாரதி தொலைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அதில் நேரம் பார்க்க இனி ஒன்றுமில்லை.

உள்ளே எதையோ தட்டுகிற சத்தம் கேட்டது. தட்டில் மூன்று கப் பால் தேநீர் வந்தது. நான்காவது கப்பில் பால் இல்லை. கறுப்பாக, ஆவி பறக்க, இஞ்சி மணத்தோடு இருந்தது. அதை அவர் எடுத்து என் கையில் கொடுத்தார்.

"வெளியில ஒராள் நிக்குது. குடுத்து விடுங்கோ."

நான் கதவைத் திறந்தேன். அக்கா பொத்தானுக்குப் பக்கத்தில், ஒரு காலில் சப்பாத்தும் ஒரு காலில் சாக்ஸுமாக நின்றார். கப்பை வாங்கினார். குடிக்கவில்லை, முதலில் மணந்தார்.

"இஞ்சி" என்றார். அவ்வளவுதான்.

அவர் இரண்டு மடக்குக் குடிப்பதற்குள் செல்வமும் பாரதியும் விடைபெற்றுக்கொண்டு வெளியே வந்துவிட்டார்கள். அண்ணன் எங்கள் தலைகளுக்கு மேலே எங்கேயோ பார்த்து, "கவனமாப் போங்கோ" என்றார். வா என்று சொல்லவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார். அக்கா கையில் கப் இருந்தது. திருப்பிக் கொடுக்க நான் பெல்லில் விரல் வைக்கப் போனேன். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"இப்ப வேண்டாம்."

மூன்று மணி எப்போதோ போயிருந்தது. ஆனாலும் பாராளுமன்றத்துக்கு முன்னால் கொண்டுபோய் விட்டார். தூறல். புல்வெளியில் நின்று நிமிர்ந்து பார்த்தோம். கண்ணாடிக்குள் ஆட்கள் எறும்புபோலச் சுற்றிச் சுற்றி ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"வெளியில நிண்டு பாத்தாலும் வடிவாத்தான் கிடக்கு" என்றார் அக்கா.

"உங்களுக்கு வெளியில நின்னு பழக்கம் இருக்கும்" என்றாள் பாரதி. "எனக்கு இல்லைங்க."

அக்கா கைப்பையில் கார்ச் சாவியைத் தேடினார். ஈரத்தோடு காரில் ஏறினோம். பாரதி முன் இருக்கையில் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். மிச்சத் தேநீரை அக்கா வழியில் ஒரு நிறுத்தத்தில் ஆறிப்போனபடியே குடித்தார். இருமவில்லை. கப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவி, கைக்குட்டையால் துடைத்து, கியருக்குப் பக்கத்துக் குழியில் வைத்தார். வெள்ளைக் கப், பிடியில் சின்னதாக ஒரு விரிசல். வண்டி குலுங்கும்போதெல்லாம் அது கிணுங்கியது. எனக்கு இருந்த எரிச்சலில் அதைச் சன்னல் வழியே எறிந்துவிடலாம் போலிருந்தது.

ஹனோவர் தாண்டினோம். பாரதி கையை நீட்டி, கிணுங்கிக்கொண்டிருந்த கப்பை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

"அக்கா" என்றாள், சன்னலைப் பார்த்தபடியே. "கப்பை வெறுமனே திருப்பிக் குடுக்கக் கூடாதுங்க்கா. எங்க ஊர்ல குடுக்க மாட்டாங்க."

"ஓம் பிள்ளை" என்றார் அக்கா. "எங்கட ஊரிலயும்தான்."

பின் இருக்கையில் செல்வம் ஒரு பெருமூச்சோடு நகர்ந்து, எங்கள் நடுவில் இல்லாத பெட்டிக்கு இடம் விட்டு உட்கார்ந்தான். அடுத்த முறை பெர்லினுக்கு வந்தாலும் அந்தக் கண்ணாடிக் கூடத்தைப் பார்க்கப் போவதில்லை என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.